திறக்காத நான்காம் பாடம்

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்திய கம்பெனி அது. ஆட்கள் என்று பார்த்தால் அந்த இரண்டு பேர்தான். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேசையிலிருக்கும் டம்ளர் நடுங்கும். வீட்டில் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுப் பழகியது தொழிலிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெரியவள் கம்ப்யூட்டர் நிரல் எழுதுவாள். சின்னவள் வாடிக்கையாளர்களிடம் பேசுவாள். "நான் பேசினா வியாபாரம் கெட்டுடும், நீ எழுதினா கம்ப்யூட்டர் கெட்டுடும்" என்று பெரியவள் சொல்வதுண்டு. சின்னவள் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

எட்டு மாதம் உட்கார்ந்து பெரியவள் செய்து முடித்த சரக்கு ஒரு பூட்டு. இரும்புப் பூட்டு இல்லை. இணையதளம் வைத்திருப்பவர்கள் தங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் செருகிக்கொள்ளக்கூடிய சின்ன மென்பொருள் துண்டு. கட்டுரையோ வீடியோவோ பாடமோ, எதைச் சுற்றி அதைச் செருகினாலும் அது பூட்டிக்கொள்ளும். பணம் கட்டிய ஆள் வந்தால் தானாகத் திறக்கும். கட்டாதவர் வந்தால், "இது சந்தாதாரர்களுக்கு மட்டும்" என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திவிடும். கேட்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று முடிவு செய்கிற எந்த வேலையும் சின்ன வேலை இல்லை என்பது அந்த எட்டு மாதத்தில் பெரியவளுக்குத் தெரிந்துபோயிற்று.

முதல் வாடிக்கையாளராக ஒரு பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தார். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்கு இருபது வருஷமாகப் பயிற்சி கொடுப்பவர். நேரில் வர முடியாதவர்களுக்காகத் தன் பாடங்களை எல்லாம் வீடியோ எடுத்து இணையதளத்தில் போட்டிருந்தார். முதல் மூன்று பாடம் இலவசம். நான்காவதிலிருந்து சந்தா கட்ட வேண்டும். அந்த நான்காம் பாடத்திலிருந்துதான் பெரியவளின் பூட்டு தொங்கியது.

தளம் ஒரு திங்கட்கிழமை திறந்தது. முதல் வாரத்தில் அறுபத்தோரு பேர் சந்தா கட்டினார்கள். அறுபது பேருக்குப் பூட்டு சத்தமில்லாமல் திறந்தது.

அறுபத்தோராவது ஆள் ஒரு தச்சரின் மனைவி.

அந்த அம்மாவின் முதல் மின்னஞ்சல் மிகவும் பணிவாக இருந்தது. பணம் கட்டிவிட்டேன், ரசீதும் வந்துவிட்டது, ஆனால் நான்காம் பாடம் திறக்கவில்லை, நான் ஏதாவது தவறாகச் செய்கிறேனா என்று கேட்டிருந்தார். பூட்டைப் பற்றிய கேள்வி என்பதால் பெரியவளே பதில் போட்டாள்: பக்கத்தை மூடித் திறந்து பாருங்கள். இரண்டாவது மின்னஞ்சலுக்கு, பிரவுசரைச் சுத்தம் செய்து பாருங்கள் என்றாள். மூன்றாவதற்கு, வேறு பிரவுசரில் பாருங்கள் என்றாள். நான்காவது மின்னஞ்சலில் பணிவு இல்லை. "சுத்தம் பண்ணு, மூடு, திற என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். பாடம் மட்டும் வரவில்லை. என் கணவர் தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கிறார்" என்று எழுதியிருந்தது.

பெரியவளுக்கு அந்தக் கடைசி வரி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கணக்கு விவரங்களைத் துருவித் துருவிப் பார்த்தாள். பணம் வந்திருக்கிறது. சந்தா பதிவாகியிருக்கிறது. எல்லாம் சரி. "நம்ம பக்கம் ஒண்ணும் இல்லை. அவங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு" என்றாள் தங்கையிடம். சின்னவள் அதையே கொஞ்சம் சர்க்கரை தடவிப் பயிற்சியாளரிடம் சொன்னாள்.

பயிற்சியாளருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாம் வாரம் வியாழக்கிழமை காலையில் அவரே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு இருவரும் கேட்டார்கள்.

"என்கிட்ட வர்றவங்க எல்லாம் ஏற்கனவே 'உங்ககிட்டதான் கோளாறு'ன்னு கேட்டுக் கேட்டு நொந்து போனவங்கம்மா. பணத்தையும் வாங்கிட்டு, வாசல்லயும் நிக்க வச்சிட்டு, தப்பு உங்க மேலதான்னு நான் எப்படிச் சொல்றது? திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். சரியாகலைன்னா வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான். கோவிச்சுக்காதீங்க."

பூட்டை வாங்க இன்னும் இரண்டு பேர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் நல்ல வார்த்தை சொன்னால்தான் அவர்கள் வருவார்கள்.

"நேர்ல போய்ப் பாரேன்" என்றாள் சின்னவள்.

"நானா? நீ போ. நீதானே பேசறவ."

"பேசி என்னக்கா பண்றது? அந்த வீட்டுல பேச ஆள் வேண்டாம், பார்க்க ஆள் வேணும்."

அந்த வீட்டுக்குப் பேருந்தில் நாற்பது நிமிஷம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியவள் போய் நின்றாள். கீழே தச்சுப் பட்டறை. பாதி மூடிய ஷட்டருக்குள் பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. அறுக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு பழைய போர்வை போட்டிருந்தது. மாடிப்படியில் தச்சரின் மனைவி இறங்கி வந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் வாசல் வரை வந்துவிட்ட ஆளிடம் அதைக் காட்ட அவருக்கு மனசு வரவில்லை என்பதும் தெரிந்தது.

"நீங்களே வந்துட்டீங்களா? வாங்க. படி உயரமா இருக்கும், பார்த்து வாங்க."

மேலே கூடத்தில், ஜன்னலோரம் கணினி. அதன் முன்னால் நாற்காலியில் தச்சர். பெரிய கைகள். வலது கை மடியில் கிடந்தது. இடது கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெரியவளைப் பார்த்ததும் தலையை ஆட்டி, "ஆமா, ஆமா" என்றார்.

"நாலு மாசமா அந்த ஒரு வார்த்தைதான்" என்றார் மனைவி. "வேணுமான்னா ஆமா, வேண்டாமான்னா ஆமா. கல்யாணமாகி முப்பது வருஷத்துல இப்பதான் நான் சொல்றதுக்கெல்லாம் ஆமா போடறாரு."

தச்சர் சிரித்தார். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் நன்றாகச் சிரித்தது. பெரியவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்த அம்மாவே சிரிக்கிறார் என்று பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள்.

"மூணு பாடமும் பார்த்து முடிச்சிட்டாரு. உதட்டை எப்படிக் குவிக்கணும், நாக்கை எங்க வைக்கணும்னு பெரிசா காட்டறாங்க. போன்ல பார்த்தா சின்னதா இருக்கு, இவருக்குத் தெரியலை. அதனாலதான் இதுல."

பெரியவள் முதலில் தன் போனில் அந்த அம்மாவின் கணக்கைத் திறந்து பார்த்தாள். நான்காம் பாடம் உடனே திறந்தது. அப்படியென்றால் கணக்கில் கோளாறு இல்லை. தச்சருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கணினியில் உட்கார்ந்தாள். முதல் மூன்று பாடம் ஓடின. நான்காவதைத் தொட்டதும், அவள் தன் கையாலேயே எழுதிய வாசகம் வந்து நின்றது: இது சந்தாதாரர்களுக்கு மட்டும்.

அந்த வாசகத்தை எழுதும்போது எவ்வளவு மரியாதையாக இருக்கிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்தக் கூடத்தில், பணம் கட்டிய மனுஷருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும்போது, அது முகத்தில் அடித்துக் கதவைச் சாத்துவது போல இருந்தது.

பிரவுசரைச் சுத்தம் செய்தாள். வேறு பிரவுசர் போட்டாள். கணக்கிலிருந்து வெளியே வந்து மறுபடி உள்ளே போனாள். பூட்டு அசையவில்லை. ஏன் திறக்க மாட்டேன் என்கிறது என்று கேட்டுப் பார்க்கவும் வழியில்லை. காரணம் சொல்ல அந்தப் பூட்டுக்கு அவள் கற்றுக்கொடுக்கவே இல்லை. திறந்திருக்கு, மூடியிருக்கு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அரை மணி நேரம் போயிற்று. வியர்த்துக் கொட்டியது.

அப்போதுதான் தச்சர் அவள் தோளைத் தட்டினார். திரும்பினாள். இடது கையின் ஒரு விரலால், மடியில் கிடந்த வலது மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

"ஆமா. ஆமா."

"மாத்திரை நேரம்னு சொல்றாரு" என்று மனைவி எழுந்து உள்ளே போனார். தண்ணீரும் மாத்திரையுமாகத் திரும்பி வந்தார். தச்சர் டம்ளரை ஒதுக்கிவிட்டு மறுபடியும் மணிக்கட்டைத் தட்டினார்.

"இன்னும் நேரம் ஆகலையா? சரி, அப்ப பசிக்குதா?"

"ஆமா" என்றார் தச்சர், எரிச்சலாக. அந்த 'ஆமா'வுக்கு 'இல்லை' என்று அர்த்தம் என்பது பெரியவளுக்கே புரிந்தது.

தன்னைப் போகச் சொல்கிறாரோ என்று அவளுக்குச் சுருக்கென்றது. நேரமாகிவிட்டது, கிளம்பு என்கிறார் போலிருக்கிறது. வந்து அரை மணி நேரமாக ஒன்றும் கிழிக்காத ஆளை யார்தான் வைத்துக்கொண்டிருப்பார்கள்? "ஐயா, இன்னும் பத்தே நிமிஷம்" என்றாள்.

தச்சர் தலையை வேகமாக ஆட்டினார். பிறகு உடம்பை முன்னால் சாய்த்து, இடது கையால் அவளிடமிருந்து மவுஸை வாங்கிக்கொண்டார். அம்புக்குறி திரையில் தள்ளாடித் தள்ளாடிப் போயிற்று. வழி தப்பி மேலே ஏறியது, மறுபடி இறங்கியது. கடைசியில் வலது கீழ் மூலையில் போய் நின்றது. அங்கே நேரம் காட்டிக்கொண்டிருந்தது. பதினொன்று ஆக ஐந்து நிமிஷம். பெரியவள் தன் போனைப் பார்த்தாள். அதிலும் அதே நேரம்தான்.

"மணி சரியாத்தானே ஐயா இருக்கு?"

"ஆமா!" என்றார் தச்சர். குரல் உடைந்தது. விரலை எடுத்துத் திரையிலேயே வைத்தார். நேரத்துக்குக் கீழே.

அங்கே, பொடி எழுத்தில், தேதி இருந்தது.

பெரியவள் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அந்தக் கணினியைப் பொறுத்தவரை, இன்றைய தேதி வர இன்னும் முப்பத்தெட்டு நாள் இருந்தது.

அடுத்த நொடி எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. சந்தா கட்டியவருக்குச் சர்வர் ஒரு சீட்டு கொடுக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உள்ளே வரலாம் என்று அந்தச் சீட்டில் இருக்கும். பூட்டு அதை வாங்கிப் பார்த்து, இன்றைய தேதியோடு ஒப்பிடும். இன்றைக்கு என்ன தேதி என்று யாரிடம் கேட்கும்? பார்க்க வந்தவரின் கணினியிடமேதான். ஒவ்வொரு தடவையும் சர்வருக்குப் போய் வந்தால் நேரமாகுமே என்று, எல்லார் வீட்டுக் கடிகாரமும் சரியாகத்தான் ஓடும் என்று நம்பி, அவள் எழுதியது அப்படித்தான். இந்த வீட்டுக் கணினிக்கு அந்தச் சந்தா இன்னும் தொடங்கவே இல்லை. சும்மா விட்டிருந்தால், சந்தா கட்டிய நாளிலிருந்து முப்பத்தெட்டு நாள் கழித்துப் பூட்டு தானாகவே திறந்திருக்கும்.

"கோளாறு என்னோடதும்மா" என்றாள். "உங்க கம்ப்யூட்டர் மேல தப்பே இல்லை... சரி, தேதி தப்பாத்தான் இருக்கு. ஆனா அதைப் போய் நம்பினது நான்."

"தேதி எப்படித் தப்பாச்சு?" என்று மனைவி கணவரைப் பார்த்தார்.

தச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். திருடிய பண்டத்தோடு மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பையனைப் போல இருந்தது முகம்.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பெரியவள் கேட்க, அவர் 'ஆமா'வை ஏற்றி இறக்கிச் சொல்ல, மனைவி இடையில் மொழிபெயர்க்க. அலமாரிக்கும் மேசைக்கும் படம் வரைய ஒரு மென்பொருள் போட்டிருந்தார். முப்பது நாள் இலவசம், அதற்குமேல் பணம். முப்பதாவது நாள் நெருங்கியதும் கணினியின் தேதியைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார். மென்பொருளும் ஏமாந்து, இன்னும் நாள் இருக்கிறது என்று படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவைதான் அப்படிச் செய்தார். அடுத்த மாதம் படுக்கையில் விழுந்துவிட்டார். தேதி தள்ளிய இடத்திலிருந்தே நகர்ந்துகொண்டிருந்தது.

"அடப்பாவி மனுஷா!" என்றார் மனைவி. "ஒரு பூட்டை ஏமாத்தப் போய் இன்னொரு பூட்டுல மாட்டிக்கிட்டீங்களா? நான் இந்தப் பொண்ணை எவ்வளவு திட்டி எழுதினேன் தெரியுமா?"

"ஆமா" என்றார் தச்சர், மிகவும் தாழ்ந்த குரலில். மூவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு மாதத்தில் அவருக்கு இவ்வளவு பெரிய விஷயத்தைக் கணவர் சொல்லிப் புரியவைத்தது அதுதான் முதல் தடவையாம். பிறகு சொன்னார்.

தேதியைச் சரி செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பெரியவள் பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். மரியாதையான வாசகத்தைக் காணோம். திரை முழுக்கப் பயிற்சியாளரின் முகம். நான்காம் பாடம் எண்கள். வார்த்தை வராதவர்களுக்கும் சில சமயம் எண்ணுவது மட்டும் வரும், பாட்டு வருவது போல. ஒன்று இன்னொன்றைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும் என்று அவர் விளக்கினார். என்னோடு சேர்ந்து சொல்லுங்கள், வரவில்லை என்றாலும் பரவாயில்லை என்றார்.

திரையில் அவர் "ஒண்ணு" என்றார்.

தச்சரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ரெண்டு." உதடு அசைந்தது.

"மூணு" என்றார் பயிற்சியாளர். "மூ..." என்றார் தச்சர். அதன் பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போல, "நாலு" என்று தெளிவாகச் சொன்னார். அஞ்சு வந்தது. ஆறு குழறி வந்தது. ஏழு வரவில்லை. எட்டு வந்தது. ஒன்பதோடு நின்றுபோய், தான் சொன்னதை நம்பாதவர் போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

மனைவி கையிலிருந்த மாத்திரை டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றார்.

பெரியவள் அங்கே மேலும் நிற்கவில்லை. இனி அந்தக் கூடத்தில் தனக்கு வேலை இல்லை என்று தெரிந்தது. சத்தமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பட்டறை வாசல் வரை அந்த அம்மா பின்னாலேயே ஓடி வந்து, டீ குடிக்காமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி மேலே ஏற வைத்து டீ கொடுத்துத்தான் அனுப்பினார்.

தெருமுனையில் நின்று தங்கைக்குப் போன் செய்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சட்டென்று அடங்கினாள். "அக்கா, பயிற்சியாளர்கிட்ட என்ன சொல்றது? அவங்க கம்ப்யூட்டர்ல தேதி தப்புன்னு சொல்லிடலாமா? பொய் இல்லையே."

"பொய் இல்லை. ஆனா பாதிதான். நானே பேசறேன்."

"நீயா?"

"நான்தான்."

பயிற்சியாளரைப் பெரியவளே கூப்பிட்டாள். பழகாத வேலை. சுற்றி வளைக்காமல் சொன்னாள்: பூட்டு பார்ப்பவரின் கடிகாரத்தை நம்புகிறது, நம்பியிருக்கக் கூடாது, எழுதும்போதே ஒரு மூலையில் உறுத்தியது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது என் தப்பு. இன்று சாயங்காலத்துக்குள் சர்வரின் கடிகாரத்தைக் கேட்கும்படி மாற்றிவிடுவேன். திறக்காவிட்டால் ஏன் திறக்கவில்லை என்று எனக்குத் தகவல் வரும்படியும் செய்துவிடுவேன். முன்பு அவர்கள் பக்கம் கோளாறு என்று சொன்னதற்கு மன்னிக்க வேண்டும்.

வேலை போயிற்று என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

"பாடம் பார்த்தாரா?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"பார்த்தார்."

"எண்ணினாரா?"

"எண்ணினார்."

"எத்தனை வரைக்கும்?"

"ஒன்பது வரைக்கும். ஆரம்பத்துல சத்தம் வரலை, நடுவுல ஏழும் வரலை."

"முதல் தடவையிலயே ஒன்பதா!" என்றார் அவர். குரலே மாறிவிட்டது. "ஏழு எல்லாருக்கும் லேட்டாத்தாம்மா வரும். அந்த 'ழு' படுத்தும். அது பரவாயில்லை." பிறகு, ஏதோ மறந்துபோனதைச் சேர்த்துச் சொல்வது போல, "தப்பு யாரோடதுன்னு நீங்களே சொன்னீங்க பாருங்க, அது போதும். மாத்திட்டு ஒரு வரி எழுதிப் போடுங்க. வேற ஆளையெல்லாம் நான் தேடலை" என்றார்.

பெரியவள் போனை வைத்துவிட்டு அங்கேயே ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது. போன பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

அறைக்குத் திரும்பி மிச்சப் பகல் முழுக்க வேலை செய்தாள். பழைய இருபது வரியை அழித்துப் புதிதாக முப்பது வரி எழுதினாள். தங்கையின் கணினியில் தேதியை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி ஏமாற்றிப் பார்த்தாள். பூட்டு ஏமாறவில்லை. தேதி தப்பான கணினி ஏதாவது வந்தால் தனக்குத் தகவல் வரும்படியும் செய்தாள். நாலு மணிக்குத் தளத்தில் ஏற்றினாள். ஏற்றிய அரை மணி நேரத்தில் ஒரு தகவல் வந்தது: கணினியில் தேதி தப்பாக இருக்கும் ஒருவர் இப்போதுதான் நான்காம் பாடத்தைத் திறந்தார். யார் என்று பார்த்தார்கள். தச்சர் வீடு இல்லை. முந்தின நாள் சந்தா கட்டி, பாடம் திறக்காமல், யாரிடமும் வாயைத் திறந்து கேட்காமல் இருந்த வேறு யாரோ.

"பார்த்தியா" என்றாள் சின்னவள். "அந்த அம்மா மட்டும் திட்டி எழுதலைன்னா?"

சாயங்காலப் பேருந்தில் பெரியவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் தாழ்ந்திருந்தது. காற்று முகத்தில் பட்டது. கண்ணை மூடியது மட்டும்தான் ஞாபகம். விழித்தபோது தன் நிறுத்தம் இரண்டு நிறுத்தத்துக்குப் பின்னால் போயிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். இன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், வந்த வழியே வீட்டைப் பார்த்து நடந்தாள்.